ஈரத் தகடும் எங்கள் ஊர் வெயிலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் - வேதியியல்)

வேதியியல் ஆய்வகத்தில் வெள்ளி நைட்ரேட்டைக் கையாண்டவர்களுக்கு அதன் கறை எப்படிப்பட்டது என்று சொல்லத் தேவையில்லை. காலையில் குளோரைடின் அளவைக் காணும் சோதனையின்போது விரலில் பட்ட ஒரு துளி, கை கழுவிய பின்னும் கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருக்கும். பிற்பகல் வெயிலில் நடந்து பேருந்து நிறுத்தம் சேர்வதற்குள் கறுத்துவிடும். பிறகு ஒரு வாரத்திற்கு எந்தச் சோப்புக்கும் அது அசையாது. தோலோடு உரிந்தால்தான் உண்டு. ஒளி பட்டால் வெள்ளி உப்பு கறுக்கும் என்னும் இந்த ஒரு செய்தியின்மேல்தான் ஒளிப்படக் கலை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நின்றது.

இதைப் பாடமாகப் படித்திருந்தேனே தவிர, கண்ணால் கண்டது சென்ற ஆண்டில்தான். குன்றத்தூரில் முருகன் கோயில் குன்றின் அடிவாரத்திலிருந்து சிறிது தொலைவில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. அதன் உரிமையாளர் திருமணங்களுக்குப் படமெடுப்பவர். எங்கள் தெருவில் அனைவருக்கும் அவர் அண்ணன். இளமையில் தந்தையோடு இருட்டறையில் நின்று கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழுவியவர். பிலிம் போனபின் அந்த இருட்டறை பழைய நாற்காலிகள் போடும் இடமாகிவிட்டது. ஒரு நாள் அவர் என்னை வழிமறித்து, “தம்பி, நீ கெமிஸ்ட்ரிதானே படிக்கிறே? கலோடியன்னா என்னன்னு சொல்லு” என்றார். எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியாத வேதிப்பொருள் உலகில் நிறையவே இருக்கிறது என்றாலும், அன்று எனக்கு வெட்கமாகவே இருந்தது.

பழைய நாள் ஈரத் தகட்டு முறையைக் கற்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குப் பிறகு பல ஞாயிற்றுக்கிழமைகளை நான் அந்த இருட்டறையில் கழித்தேன். அங்கே கற்றதையும், அதையொட்டி நூல்களில் தேடிப் படித்ததையும் நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் டாகர் தம் முறையை உலகுக்கு அறிவித்தார். வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் விழும் அப்படம் மிகத் தெளிவானது. ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றை அச்சிட முடியாது. இங்கிலாந்தில் டால்பட் 1841-இல் காகித நெகட்டிவ் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து எத்தனை படிகள் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் காகிதத்தின் நார் படத்தில் விழுந்து நுட்பங்களை மங்கச் செய்தது. டாகரின் தெளிவும் டால்பட்டின் பெருக்கமும் ஒரே முறையில் கிட்டாதா என்பதே அன்றைய கேள்வி. விடை கண்டவர் பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் லண்டன் சிற்பி. முதலில் வெள்ளி வேலை செய்பவரிடம் தொழில் பழகியவர். சிலை வடிக்க முகமாதிரி வேண்டுமென்று படமெடுக்கத் தொடங்கியவர், 1851 மார்ச்சு மாதம் ‘தி கெமிஸ்ட்’ என்னும் இதழில் தம் முறையை வெளியிட்டார். காப்புரிமை எதுவும் கோரவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஸ்டுடியோ வைத்தவர்கள் செல்வர்களானார்கள். ஆர்ச்சர் 1857-இல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பத்துக்காக நிதி திரட்ட வேண்டியதாயிற்று.

அதே 1851-ஆம் ஆண்டில்தான் சென்னையில் அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கியிருந்தார். இன்று பெரியமேட்டிலுள்ள அரசு கவின்கலைக் கல்லூரி அதுவே. 1850-களிலேயே அங்கு ஒளிப்படக் கலை கற்பிக்கப்பட்டது. ஆக, இந்தக் கலை நமக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது என்று எண்ணுவது சரியன்று.

இனி முறையைக் காண்போம். பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் நனைத்துக் கழுவினால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கிறது. பார்க்கச் சாதாரணப் பஞ்சு போலவே இருக்கும். தீ பட்டால் புகையின்றி ஒரே நொடியில் எரிந்து மறையும். இதைக் கண்டவர் ஷான்பைன், ஆண்டு 1846. நைட்ரஜன் அளவு சற்றுக் குறைந்த வகை நைட்ரோ செல்லுலோஸ் ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கலவையில் கரைகிறது. அந்தப் பாகு போன்ற கரைசலே கலோடியன். அதைக் காயத்தின்மேல் தடவினால் ஈதர் பறந்துபோய் மெல்லிய தோல் போன்ற படலம் நிற்கும். மருத்துவர்கள் அதற்காகவே அதைப் பயன்படுத்தினார்கள். காயத்துக்குப் போட்ட மருந்தைக் கண்ணாடிக்குப் போட்டவர் ஆர்ச்சர்.

கலோடியனில் பொட்டாசியம், அம்மோனியம் அல்லது காட்மியத்தின் அயோடைடையும் புரோமைடையும் சிறிது கரைத்துக்கொள்ள வேண்டும். நன்கு துடைத்த கண்ணாடித் தகட்டை விரல் நுனிகளில் தாங்கி, நடுவில் சிறு குளம் போலக் கலோடியனை ஊற்ற வேண்டும். பிறகு தகட்டைச் சாய்த்துச் சாய்த்து ஒவ்வொரு மூலைக்கும் ஓடவிட்டு, கடைசி மூலை வழியாக மீதியைப் புட்டிக்குள் வடிக்க வேண்டும். தோசை வார்ப்பது போலத்தான். ஆனால் கரண்டி படக்கூடாது, இரண்டாம் முறை ஊற்றவும் கூடாது. அண்ணனுக்கு இது கைவர முப்பது தகடுகளுக்குமேல் ஆயிற்று. எனக்கு இன்னும் வரவில்லை. மூன்றாவது மூலையில் முழங்கை வரை வழிந்துவிடுகிறது.

படலம் கெட்டியானதும், ஏறக்குறைய 8 சதவீத வெள்ளி நைட்ரேட் கரைசல் உள்ள தொட்டியில் தகட்டை மூன்று நான்கு நிமிடங்கள் அமிழ்த்த வேண்டும். இங்கிருந்து இருட்டறை வேலை. சிவப்பு விளக்கு மட்டும் எரியலாம். படலத்துக்குள் இருக்கும் அயோடைடு, வெள்ளி அயனியோடு சேர்ந்து வெள்ளி அயோடைடாகிறது. கண்ணாடி பால் போலாகிறது. வகுப்பில் சோதனைக் குழாயின் அடியில் படியும் அதே மஞ்சள் வீழ்படிவுதான்; இங்கே அது ஒரு மெல்லிய தோலுக்குள் சிறைப்பட்டு நிற்கிறது.

இந்த இடத்தில்தான் ‘ஈரம்’ என்னும் சொல்லின் பொருள் விளங்குகிறது. தகடு ஏன் ஈரமாக இருக்க வேண்டும்? அயோடைடு மிகுதியாக இருக்கும்போது வெள்ளி அயோடைடு ஒளியை ஏறக்குறையப் பொருட்படுத்துவதேயில்லை. வெள்ளி நைட்ரேட் மிகுதியாக இருந்தால்தான் அது ஒளிக்கு இசைகிறது. தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளி நைட்ரேட் ஈரம் இன்னொரு வேலையும் செய்கிறது. படத்தை வெளிக்கொணர ஊற்றும் டெவலப்பர், பெரஸ் சல்பேட் கரைசல். நம் நாட்டு மருந்துக் கடைகளில் அன்னபேதி என்று விற்பார்களே, அதே உப்புதான். பெரஸ் அயனி ஓர் எலெக்ட்ரானை இழக்க, வெள்ளி அயனி அதை ஏற்று உலோகமாகிறது. ஒளி பட்ட இடங்களில் ஏற்கெனவே தோன்றியிருக்கும் நுண்ணிய வெள்ளித் துகள்களின்மேல் இந்தப் புது வெள்ளி வந்து படிகிறது. அதாவது படமாக நாம் காணும் வெள்ளியில் பெரும்பகுதி, தகட்டின்மேல் இருந்த ஈரத்திலிருந்தே வருகிறது. ஊற்றும் வேகத்தில் டெவலப்பர் வழிந்து கீழே கொட்டினால் படமும் கூடவே கொட்டிப்போகிறது. ஈரம் உலர்ந்தால் வெள்ளி நைட்ரேட் படிகங்களாகிப் படலத்தைக் கெடுக்கும். படலமும் இறுகிப்போய்க் கரைசலை உள்ளே விடாது.

மின்முனை அழுத்த அட்டவணையைப் பார்த்தால் ஒரு வியப்பு உண்டு. வெள்ளிக்கு 0.80 வோல்ட், பெரிக்-பெரஸ் இணைக்கு 0.77 வோல்ட். இடையே உள்ளது வெறும் 0.03 வோல்ட்! இந்தச் சிறு வேறுபாடுதான் அந்த வினையைப் பொறுமையுடன் நடத்துகிறது. இதற்குமேல் வலுவான ஒடுக்கி ஒன்றை ஊற்றினால் தகடு முழுதும் ஒரே கறுப்பாகிவிடும். அட்டவணையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது இது எனக்குத் தோன்றவில்லை.

பதினைந்து வினாடி கழித்துத் தண்ணீரால் கழுவி வினையை நிறுத்திவிட்டு, மிஞ்சிய வெள்ளி அயோடைடைக் கரைத்து நீக்க வேண்டும். அக்காலத்தவர் இதற்குப் பொட்டாசியம் சயனைடை மிகுதியாகப் பயன்படுத்தினார்கள். கலங்கிய தகடு கண்முன்னே தெளியும் என்பதால் அதன்மேல் ஒரு மயக்கம். அமிலம் பட்டால் ஆளைக் கொல்லும் வளி எழும் பொருள் அது. டெவலப்பரில் அசெட்டிக் அமிலம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். நாங்கள் ஹைப்போவையே பயன்படுத்தினோம். சற்று நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான். கடைசியில் சாண்டராக் என்னும் மரப்பிசினை ஆல்கஹாலில் கரைத்து, லாவெண்டர் எண்ணெய் சேர்த்து மேற்பூச்சு போடுவார்கள்.

எழுதும்போது எளிதாக இருக்கிறது. செய்யத் தொடங்கியது மே மாதம். அதுதான் எங்கள் முதல் தவறு.

ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி செல்சியஸ். குன்றத்தூரில் மே மாதப் பிற்பகல், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் அறையின் வெப்பமே அதைத் தாண்டிவிடுகிறது. புட்டியைத் திறந்தால் ஈதர் தானே கொதித்து வெளியேறுகிறது. ஊற்றிய கலோடியன் இரண்டாவது மூலையை அடைவதற்குள் வரி வரியாக உறைந்தது. டெவலப்பரை ஊற்றியதும் தகடு முழுவதும் சாம்பல் பூத்தது. வெப்பம் கூடினால் வினையின் வேகம் கூடும் என்பதை எங்களுக்கு அன்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஈதரின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாக ஊர்ந்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே அண்ணி அடுப்பு மூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போது நினைத்தாலும் கை நடுங்குகிறது. அதற்குப்பின் அடுப்பு அணைந்த நேரத்தில், கதவு சன்னல்களைத் திறந்து வைத்து, வாசலில் ஒருவர் நிற்காமல் புட்டியைத் திறப்பதில்லை என்று விதி செய்துகொண்டோம். பேராசிரியர் துணையின்றி இதை யாரும் முயல வேண்டாம் என்று நண்பர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

பழைய கையேடுகளில் இதற்கு வழி இருந்தது. வெப்ப நாடுகளில் ஈதரைக் குறைத்து ஆல்கஹாலைக் கூட்டவேண்டும். டெவலப்பரில் அசெட்டிக் அமிலத்தை மிகுதியாக்க வேண்டும். 78 டிகிரியில் கொதிக்கும் ஆல்கஹால் மெல்ல உலரும். அமிலம் வினையைத் தாமதப்படுத்தும். கலோடியன் புட்டியை ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் வைப்பது எங்கள் சொந்த யோசனை. 1855-இல் கிரிமியப் போரைப் படமெடுக்கச் சென்ற ரோஜர் பென்டன், மது வணிகர் ஒருவரின் பழைய வண்டியை இருட்டறையாக்கிக்கொண்டு அலைந்தார். அங்கும் கோடையில் தகடு கைக்குள்ளேயே உலர்ந்தது என்று படித்தபோது எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

அடுத்த தொல்லை தண்ணீர். தகடுகளில் வெள்ளை மேகம் போலத் திட்டுகள் விழுந்தன. அண்ணன் கண்ணாடியைக் குறை சொன்னார். எனக்குத் திடீரென்று ஆய்வகம் நினைவுக்கு வந்தது. வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரைச் சோதனைக் குழாயில் எடுத்து ஒரு துளி வெள்ளி நைட்ரேட் விட்டேன். தயிர் போலத் திரண்டது. குளோரைடு! அந்தத் தண்ணீரில் கரைசல் கலக்குவதும் தகடு கழுவுவதும், வெள்ளியைத் துளித்துளியாகக் கொன்றுகொண்டிருப்பதற்குச் சமம். அன்றிலிருந்து கரைசல்களுக்குக் காய்ச்சி வடித்த நீர், கழுவுவதற்கு மொட்டை மாடியில் பிடித்த மழைநீர். முதன்முறையாக அண்ணன் என்னை அவருடைய நண்பர்களிடம் ‘நம்ம கெமிஸ்ட்’ என்று அறிமுகப்படுத்தினார்.

மார்கழியில் தகடுகள் ஒழுங்காக வரத் தொடங்கின. ஒரு வெள்ளிக்கிழமை என் அம்மாவை அழைத்துச்சென்று உட்கார வைத்தோம். தலைக்குக் குளித்து, மஞ்சள் பூசி, பெரிய குங்குமப் பொட்டு வைத்து வந்திருந்தார். நிழலில் எட்டு வினாடி அசையாமல் இருக்க வேண்டும். தலையசையாமல் தாங்குவதற்கு அக்காலத்து ஸ்டுடியோக்களில் நாற்காலிக்குப் பின்னால் இரும்புக் கவை வைத்திருப்பார்கள். நாங்கள் சுவரில் சாயச் சொன்னோம். ஹைப்போவில் பால் நிறம் விலகி, கறுப்புத் துணியின்மேல் கண்ணாடியை வைத்தவுடன் நெகட்டிவே பாசிட்டிவாகத் தோன்றியது. மெல்லிய வெள்ளிப் படலம் கறுப்புப் பின்னணியில் வெண்மையாகத் தெரிவதால் ஏற்படும் மாயம் அது, ஆம்ப்ரோடைப் என்பர். ஒவ்வொரு நரை மயிரும் எண்ணும்படி இருந்தது. அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, “என்னடா, நான் இவ்வளவு கறுப்பாவா இருக்கேன்?” என்றார்.

முகம் உண்மையில் இருப்பதைவிட நான்கு பங்கு கறுத்திருந்தது. குங்குமம் மை போலிருந்தது. மூக்குத்தி வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் போயிருந்தது. முந்தானை வலத் தோளுக்கு மாறியிருந்தது.

“அது கண்ணாடி பண்ற தப்பும்மா” என்று அண்ணன் சமாதானம் சொன்னார். எனக்கு அது போதவில்லை. மறுவாரம் ஓர் அட்டையில் விபூதி, மஞ்சள்தூள், குங்குமம், சலவை நீலம், வெற்றிலை ஆகியவற்றை வரிசையாக ஒட்டிப் படமெடுத்தோம். விபூதி வெள்ளையாக வந்தது. சலவை நீலமும் ஏறக்குறைய வெள்ளை! மஞ்சள் ஏறக்குறையக் கறுப்பு, குங்குமம் முழுக் கறுப்பு, வெற்றிலையும் கருமையே. வெள்ளி அயோடைடும் புரோமைடும் புறஊதாவையும் ஊதாவையும் நீலத்தையும் மட்டுமே உணர்கின்றன. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்கு இருட்டு. இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிய அனுமதிப்பதும் இதனால்தான். நம் தோலின் மெலனின் நீல ஒளியையே மிகுதியாக உட்கவர்கிறது. எனவே தகட்டின் கண்ணில் மாநிறத்தவர் கறுப்பர், கறுப்பர் கரியே. சாயங்களைச் சேர்த்துப் பச்சையையும் மஞ்சளையும் உணரச் செய்யலாம் என்று ஜெர்மானியர் வோகல் கண்டது 1873-இல்தான். இட வல மாற்றத்துக்குக் காரணம், படம் விழுந்த பக்கத்தையே நாம் பார்ப்பது. கண்ணாடியைத் திருப்பிப் பின்புறம் வழியாகப் பார்த்தால் மூக்குத்தி தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. நெகட்டிவாகக் கொண்டு காகிதத்தில் அச்சிட்டாலும் சரியாகிவிடும். இரும்புத் தகட்டில் எடுக்கும் டின்டைப் படத்தில் மட்டும் எப்போதும் மாறியே இருக்கும்.

இந்த ஒரு தகடு நான் அதுவரை பார்த்த பழைய படங்களையெல்லாம் மறுபடி பார்க்க வைத்தது. ‘இந்திய மக்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகள் அரசின் ஆதரவில் வெளிவந்தன. ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் தொகுத்தவை. சாதிகளையும் குலங்களையும் படத்தோடு வகைப்படுத்திக் காட்டிய நூல் அது. மஞ்சளும் மாநிறமும் தெரியாத ஒரு தகட்டைக்கொண்டு மாநிற மக்களைப் படமெடுத்து, அதைச் சான்றாக வைத்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்து நம் முன்னோரின் நிறத்தை யாரேனும் முடிவு செய்தால், என் அம்மாவின் தகட்டை அவர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். அப்படங்களில் முகங்கள் ஏன் அப்படி விறைத்திருக்கின்றன என்பதும் இப்போது தெரிகிறது. நம் முன்னோர் சிரிக்கத் தெரியாதவர்கள் என்று எண்ண வேண்டாம். எட்டு வினாடி சிரித்துக்கொண்டே அசையாமல் இருந்து பாருங்கள்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை முதலில் நினைக்க வேண்டியவர் லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரி. சென்னை அரசின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டு, 1857, 1858 ஆம் ஆண்டுகளில் திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படமாக்கினார். ஈரத் தகடு வந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தபோதும் தம் பெரும் படங்களுக்கு அவர் மெழுகு பூசிய காகித நெகட்டிவையே நம்பினார். முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொண்டு, எடுத்தபின் நிதானமாகக் கழுவலாம் என்பது அதன் வசதி. மே மாத அனுபவத்துக்குப் பின் அவரை நான் பழமைவாதி என்று சொல்ல மாட்டேன். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார் அவர். அமராவதிச் சிற்பங்களைச் சென்னை அருங்காட்சியகத்தில் 1858-இல் படமெடுத்தவரும் அவரே. அடுத்த ஆண்டு ஆளுநராக வந்த டிரெவெல்யன், செலவு மிகுதி என்று அந்தப் பணியையே நிறுத்திவிட்டார்!

டிரைப்பின் படங்களில் வானத்தில் மேகங்கள் தெரிகின்றன. அவற்றுள் பல அவரே நெகட்டிவின்மேல் வண்ணம் தீட்டிச் சேர்த்தவை. நீலம் முழுவதும் வெள்ளையாகிவிடும் முறையில் வானம் வெறும் காகிதமாகத்தான் நிற்கும். எங்கள் குன்றை மேலே கோயிலோடு எடுத்த தகட்டில் நாங்களும் அதைக் கண்டோம். படிக்கட்டில் அன்று நல்ல கூட்டம். தகட்டில் ஒருவரும் இல்லை. நடந்துகொண்டே இருந்தவர்கள் பதியவில்லை. படியில் உட்கார்ந்து பூ விற்றுக்கொண்டிருந்த பாட்டி மட்டும் தெளிவாக இருந்தார். பழைய படங்களில் நம் கோயில் வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பதைப் பார்த்து, பாழடைந்த நாடு என்று எண்ணியவர்கள் அந்தக் காலத்திலும் இருந்திருக்கக்கூடும்.

1860-களில் கண்ணாடித் தகட்டின் காலம் முழுமையாக வந்தது. நிக்கோலஸ் சகோதரர்கள் சென்னையில் நிலையம் நடத்தினார்கள். எட்மண்ட் லயன் சென்னை அரசுக்காக 1867, 1868-இல் தென்னாட்டுக் கோயில்களைப் படமெடுத்தார். சாமுவேல் போர்ன் 1863-இல் இமயத்துக்குச் சென்றபோது ஏறக்குறைய முப்பது சுமையாட்கள் அவருடைய கூடாரம், தகடுகள், புட்டிகளைச் சுமந்தனர். 1866-இல் மணிரங் கணவாயில் சுமார் 18,600 அடி உயரத்தில் அவர் படமெடுத்தது அந்நாளில் பெருஞ் சாதனை. அந்தக் குளிரில் கரைசலுக்குத் தண்ணீர் உருக்கித் தந்தவர் யார் என்று கேட்டால் நூல்களில் பெயர் இல்லை. டிரைப்புக்கு உதவியாளராக இருந்த ஒருவரின் பெயர் மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஹண்டரின் கலைப்பள்ளியில் பயின்ற அய்யாசாமி அவர். தகட்டைத் தொட்டுப் பார்த்தபின் எனக்கு ஒன்று தோன்றுகிறது: இந்த வேலையில் உதவியாளர் என்பவர் பெட்டி தூக்குபவர் அல்லர். கரைசல் கலக்கவும் வெப்பத்துக்கேற்ப அமிலத்தைக் கூட்டவும் தண்ணீரின் குணம் அறியவும் தெரிந்தவராக இருந்தால்தான் ஒரு நாளைக்கு இரண்டு படமாவது தேறும். அய்யாசாமி ஒரு வேதியியலாளர். நம் துறையின் முன்னோர்களுள் ஒருவராக அவரைச் சேர்த்துக்கொள்வதில் தவறில்லை என்பது என் கருத்து.

இனிச் சொல்லப்போவது மகிழ்ச்சியான செய்தியன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின் படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். எலும்புக் கூடுகளாக மக்கள் வரிசையாக அமர்ந்திருக்கும் அப்படங்கள் வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி எடுத்தவை. அந்நாளில் வழக்கிலிருந்தது ஈரத் தகட்டு முறையே. முக்காலியை நிறுத்தி, யார் எங்கே அமர வேண்டும் என்று சொல்லி, குவியம் பார்த்து, பிறகு கூடாரத்துக்குள் போய்த் தகட்டைப் பூசி, தொட்டியில் மூன்று நான்கு நிமிடம் அமிழ்த்தி, எடுத்து வந்து, மூடியைக் கழற்றி... அதுவரை அவர்கள் அப்படியே இருந்தாக வேண்டும். இதைக் கணக்கிட்டுப் பார்த்த நாளில் அப்படத்தை என்னால் முன்போல் பார்க்க முடியவில்லை. பஞ்சத்தின் கொடுமையை உலகுக்குக் காட்டியவையும் அப்படங்கள்தாம், அதை மறுக்கவில்லை. ஆனால் போகிற போக்கில் கண்டு எடுத்த படங்கள் அல்ல அவை.

ஈரத் தகட்டின் காலம் முடிந்த கதை சிறியது. ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர், ஈதரின் ஆவி தம் உடல்நலத்தைக் கெடுப்பது கண்டு, கலோடியனுக்குப் பதில் ஜெலட்டினைப் பயன்படுத்திப் பார்த்து 1871-இல் வெளியிட்டார். அவரும் காப்புரிமை கேட்கவில்லை. அந்த உலர் தகடுகள் 1880-களில் உலகெங்கும் பரவி, இருட்டறையைத் தோளில் சுமக்கும் தொல்லை தீர்ந்தது. இப்போது மறுபடி சிலர் பழைய முறையைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்காவில் சாலி மேன் தம் நாட்டுத் தென்பகுதி நிலக்காட்சிகளை ஈரத் தகட்டில் எடுத்தார். நம் நாட்டில் சாந்திநிகேதனைச் சேர்ந்த அர்பன் முகர்ஜி இம்முறையில் படங்கள் எடுத்து, பிறருக்கும் கற்பித்துள்ளார்.

அண்ணனின் அடுத்த திட்டம், சேக்கிழார் கட்டுவித்த எங்கள் ஊர்த் திருநாகேசுவரம் கோயிலை 8 அங்குலத்துக்கு 10 அங்குலத் தகட்டில் எடுப்பது. ஸ்டுடியோவிலிருந்து கோயில் வரை தகட்டை எடுத்துச் சென்று திரும்பினால் உலர்ந்துவிடும். எனவே மீன்பாடி வண்டியின்மேல் ஒட்டுப் பலகையால் இருட்டுப் பெட்டி செய்து, கைவிடத் துணிச் சட்டையும் சிவப்புக் காகிதச் சன்னலும் வைத்துக்கொண்டிருக்கிறார். வெயில் ஏறுவதற்குள், தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் காலை ஏழு மணிக்குத் தொடங்குவதாக ஏற்பாடு. நாற்பது லிட்டர் மழைநீரும் பத்து லிட்டர் காய்ச்சி வடித்த நீரும் வண்டியோடு போக வேண்டும். கேன் தூக்க இரண்டு பேர் குறைகிறார்கள். விரல் கறுப்பதைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் வேதியியல் ஆய்வகத்தில் என்னைக் காணலாம்.